எல்வுட் ஊதாத இசைத்தட்டு

எங்கள் பேண்டு ஒரே ஒரு இசைத்தட்டுதான் போட்டது. ஓமஹாவில் இருபத்துநாலாவது தெருப் பக்கம் இன்றைக்கும் ஏழெட்டு வீடுகளில் அது இருக்கும். அதில் பன்னிரண்டு பேர் வாசித்திருப்பதாக எல்லாரும் நினைக்கிறார்கள். வாசித்தது பதினோரு பேர். பன்னிரண்டாவது ஆள் எல்வுட் பிக்கென்ஸ். என் இடது பக்கம் உட்கார்ந்து, சாக்ஸபோனை வாயில் வைத்து, கன்னத்தை உப்பிக்கொண்டு, விரலை மட்டும் ஆட்டினான். ஊதாதே என்று அவனிடம் சொன்னவன் நான். அவன் செத்த பிறகு அவன் மனைவி வெர்னாவிடம் இதைச் சொல்ல எனக்கு ஏழு வருஷம் வாய் வரவில்லை.

எல்வுட் அர்க்கன்சாஸில் பருத்திக்காட்டு நடுவே பிறந்தவன். பதினாறு வயதில் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு ஓமஹாவுக்கு வந்து மாட்டிறைச்சித் தொழிற்சாலையில் சேர்ந்தான். தோல்களுக்கு உப்புப் போட்டு அடுக்கும் நிலவறையில் வேலை. கோடையிலும் அங்கே பல் கிட்டிக்கும் என்பான். அடகுக்கடையில் யாரோ மீட்காமல் விட்ட ஒரு ஆல்ட்டோ சாக்ஸபோனை வாங்கி, அந்த உப்புக் கையோடு தானே ஊதிப் பழகினான். எங்கள் தலைவர் எம்மெட் ராலி அவனை ஒரு தேவாலய விருந்தில் கேட்டுவிட்டு என்னிடம் வந்து, "டெல்பர்ட், இவனுக்கு இருக்கறது நுரையீரலா, கொல்லன் துருத்தியா?" என்றார். அடுத்த வாரமே அவன் எங்கள் பேருந்தில் இருந்தான்.

எங்கள் சாக்ஸபோன் வரிசையில் நாலு பேர். அதற்குத் தலைவன் நான். எனக்கு ஒரே ஒரு சட்டம்தான்: நாலு பேர் ஊதினாலும் ஒரு ஆள் ஊதுகிற மாதிரி கேட்க வேண்டும். சேர்ந்து தொடங்க வேண்டும், கத்தரியால் வெட்டினது போல் சேர்ந்து நிறுத்த வேண்டும். எல்வுட் சேர்ந்து தொடங்குவான். நிறுத்துவதுதான் ஆகாது. கடைசிச் சுரம் வந்ததும் எங்களுக்கு மூச்சு தீரும், அவனுக்கு அப்போதுதான் தொடங்கும். நாங்கள் நிறுத்தின பிறகும் அவன் சத்தம் ஒரு வால் மாதிரி நீண்டுகொண்டிருக்கும். நான் அவன் காலை மிதிப்பேன். பல நாள் மிதித்துப் பழகி, கடைசிச் சுரம் வருவதற்கு முன்னாலேயே அவன் காலை இழுத்துக்கொள்வான். அந்தக் காலைத் தேடுவதில் நானே சமயத்தில் பிசகியிருக்கிறேன்.

ஆனால் ஆடுகிறவர்களுக்கு அந்த வால் பிடிக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஜூலை நாலாம் தேதி மதியம், ஏரிக்கரையில் ஒரு நடனம். மெதுவான பாட்டு முடிந்தது, எல்லா ஜோடியும் பிரிந்தது. எல்வுட் மட்டும் இன்னும் ஊதிக்கொண்டிருந்தான். மஞ்சள் உடுப்புப் போட்ட ஒரு பெண் தன் ஜோடியை விட்டுவிட்டு, தனியாக அந்தச் சத்தம் அடங்கும்வரை ஆடினாள். பிறகு நேரே மேடைக்கு வந்தாள்.

"பாட்டுதான் முடிஞ்சிடுச்சே, நீ மட்டும் எதுக்கு ஊதுற?"

"நீ மட்டும் இன்னும் ஆடிக்கிட்டு இருந்தியே."

"நீ ஊதுனதாலதான் ஆடினேன்."

"நீ ஆடுனதாலதான் ஊதினேன்."

"ரெண்டு பேரும் அங்கிட்டுப் போய் ஊதிக்கங்க, அடுத்த பாட்டு இருக்கு" என்று நான் கத்தினேன். அவள்தான் வெர்னா. செப்டம்பரில் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழன் நான்தான்.

பேருந்தில் எல்வுட் கதவோரம் உட்காருவான். டகோட்டாவில் பனிக்காலத்தில் அந்தக் கதவிடுக்கில் வருகிற காற்று ஆளை வெட்டும். மாறி உட்காரலாம் என்றால், "இதென்ன குளிரு, நிலவறைக்கு இது கோடை" என்பான். வெள்ளைக்காரர் ஊர்களில் அவர்கள் ஆடக் கறுப்பர்களான நாங்கள் வாசிக்கலாம், அங்கே உட்கார்ந்து சாப்பிட முடியாது. சமையலறைப் பின்வாசலுக்குப் போய்ப் பன்னிரண்டு பேருக்கும் ரொட்டி வாங்கி வருகிறவன் அவன்தான். அங்கே என்ன பேச்சுக் கேட்டான் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சிரித்த முகமாகவே பொட்டலத்தோடு ஏறுவான். கோபம் என்கிற சாமானே அவனிடம் இல்லை என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

1941 நவம்பரில் தட்டுப் போட வரச் சொல்லி சிகாகோ இசைத்தட்டுக் கம்பெனியில் இருந்து ஆள் வந்தது. ஒரு தட்டு, இரண்டு பக்கம், இரண்டு பாட்டு. பத்து வருஷம் புழுதி ரோட்டில் உருண்டதற்கு அதுதான் பலன். வெர்னா அவனுக்குப் புதுச் சட்டை தைத்துக் கொடுத்தாள். "இசைத்தட்டுல சட்டை தெரியாதும்மா" என்றேன். "அவருக்குத் தெரியும்ல" என்றாள்.

சிகாகோ பதிவு அறையில் சூடு பண்ணின மெழுகுத் தட்டில்தான் பாட்டைப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக் கேட்டால் மெழுகு கெட்டுப்போகும். கேட்ட தட்டு குப்பைக்குத்தான். முதல் தடவை வாசித்தோம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பதிவுக்காரர் போட்டுக் காட்டினார். எங்கள் பேண்டை நாங்களே வெளியிலிருந்து கேட்டது அன்றைக்குத்தான். கடைசியில் எல்லாரும் நிறுத்தியதும் எல்வுட்டின் வால், தனியாக, அந்தப் பெரிய அறையில் துல்லியமாகக் கேட்டது. அவன் முகம் மலர்ந்துவிட்டது. தன் சத்தத்தைத் தானே கேட்ட சந்தோஷம்.

"ஒரு சாக்ஸபோன் கடைசியில தொங்குது. அதச் சரி பண்ணுங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

இரண்டாவது தடவையும் தொங்கியது. பன்னிரண்டு மணிக்கு அறை அடுத்த பேண்டுக்கு, அவர்கள் வாசலில் நிற்கிறார்கள். இன்னொரு பாட்டு வேறு பாக்கி. ராலி பியானோவில் இருந்து என்னைப் பார்த்தார். உன் வரிசை, நீ பார் என்கிற பார்வை. நான் எல்வுட் பக்கம் குனிந்தேன்.

"இந்தத் தடவ நீ ஊதாதே. வாயில வச்சுக்கிட்டு விரல மட்டும் ஆட்டு."

"பாட்டு பூராவுமா? கடைசிய மட்டும் விட்டுடறேனே, டெல்."

"கடைசி எதுன்னு உனக்கு என்னிக்குத் தெரிஞ்சிருக்கு?"

அதைச் சொல்லும்போது பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கும் அது நல்ல நக்கலாகத்தான் பட்டது. அவன் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, "சரி, டெல்" என்றான். பாட்டு சுத்தமாக முடிந்தது. கண்ணாடிக்காரர் கட்டைவிரலை உயர்த்தினார். இரண்டாவது பாட்டுக்கும் அப்படியே இரு என்று நான் கண்ணாலேயே சொன்னேன். அவன் தலையாட்டினான். நடுவில் ஒரு குரல் குறைந்திருப்பது கேட்கிறவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

தட்டு வெளிவந்தபோது வெர்னா நாலு வாங்கினாள். தெருவில் முடிவெட்டும் கடையில் அதைப் போட்டுவிட்டு, "உன் சத்தம் எங்கடா எல்வுட், காணோமே?" என்று கேட்பார்கள். "நல்லா ஊதினா தனியாக் கேக்காதுப்பா" என்பான். அது என் சட்டம். என் சட்டத்தையே எடுத்து எனக்குக் குடையாகப் பிடித்தான். அடுத்த தட்டில் உன்னைத் தனியாகவே ஊத விடுகிறேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்தேன். நாற்பத்திரண்டு ஆகஸ்டில் வாத்தியக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்துப் பதிவு வேலைகளை நிறுத்திவிட்டது. அக்டோபரில் எல்வுட்டைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அடுத்த தட்டு வரவே இல்லை. நாற்பத்துநாலில் பிரான்ஸில் மழையில் அவன் ஓட்டிய சரக்கு லாரி கவிழ்ந்தது. மகள் நோரீனை அவன் ஒரே ஒரு விடுப்பில், ஒன்பது நாள் பார்த்திருந்தான்.

சண்டை முடிந்து, பேண்டும் கலைந்து, நான் தபால் நிலையத்தில் மூட்டை பிரிக்கப் போய்விட்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு தேவாலயம் முடிந்து வெர்னா வீட்டில் எனக்குச் சாப்பாடு. சாப்பிட்ட பிறகு தட்டைப் போடுவாள். முதல் தடவை கேட்டாள்:

"டெல்பர்ட், இதுல எது அவரு?"

சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். தகப்பன் முகம் தெரியாத பிள்ளை மடியில் உட்கார்ந்திருந்தது. நான், "ரெண்டாவது தடவ மெட்டு வரும்போது அடியில ஒருத்தர் மெதுவா இறங்கி வர்றாரு பாரு, அதான் எல்வுட்" என்றேன். அது எங்கள் வரிசையில் இருந்த ஹெரால்டின் டெனர் சாக்ஸபோன். நோரீன் அதைப் பிடித்துக்கொண்டாள். சமையலறையில் அந்த அடிக்குரலை முணுமுணுத்துக்கொண்டு திரிவாள்.

அதற்குப் பிறகு வெர்னா ஒவ்வொரு தடவையும் கேட்டாள், நானும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஊதினான் என்பேன். இதை முடித்ததும் ராலியே பாராட்டினார் என்பேன். பொய் சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்த மாதிரி இருந்தது. ஒரு விதவைக்கு நல்லது செய்கிறோம் என்கிற மிதப்பு வேறு. வெர்னா கேட்டுக்கொண்டிருப்பாள். முகத்தில் ஒன்றும் தெரியாது. பிறகு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவாள்.

ஐம்பத்திரண்டில் ஒரு ஞாயிறு. நோரீன் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். வெர்னா தட்டைப் போட்டாள். "எது அவரு?" என்றாள். நான் விரலைத் தூக்கி, "இதோ வர்றான் பாரு" என்று ஆரம்பித்தேன். அவள் முள்ளைத் தூக்கிவிட்டாள்.

"அது ஹெரால்டு, டெல்பர்ட்."

தூக்கிய விரலை இறக்கினேன்.

"அவரு ஊதவே இல்லைன்னு எனக்குத் தெரியும். சிகாகோலேர்ந்து வந்தாரே, பையக் கீழ வைக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு."

"அப்புறம் எதுக்கு வெர்னா என்கிட்ட..."

"எதுக்கா? ஏழு வருசம் மாசா மாசம் கேட்டேனே, எதுக்குன்னு ஒரு தடவையாவது யோசிச்சீங்களா? அந்த அறைக்குள்ள என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சு இந்தத் தெருவுல மிச்சம் இருக்கறது நீங்களும் நானும்தான். மத்தவங்க எல்லாம் அவரு நல்லா ஊதியிருக்காருன்னு சொல்லும்போது சிரிச்சுக்கிட்டு நிக்கணும். புள்ளைக்கு அது அவ அப்பா, இருந்துட்டுப் போகட்டும். எனக்கு அழறதுக்கு ஒரு ஆள் வேணும். நீங்க சொல்வீங்க, சேர்ந்து அழலாம்னு பார்த்தேன். நீங்க ஒவ்வொரு மாசமும் வந்து எனக்குக் கதை சொல்லிட்டுப் போனீங்க."

நான் என் தொப்பியை எடுத்தேன். எழுந்து போய்விடலாம் என்றுதான் எடுத்தேன்.

"உக்காருங்க. இன்னொண்ணு கேக்கணும். அவரு, 'நானே ஒதுங்கிக்கிட்டேன், நேரம் போயிட்டிருந்துச்சு, அதான்'னு சொன்னாரு. சொல்லும்போது காதைத் தேய்ச்சாரு. பொய் சொன்னா காதைத் தேய்ப்பாரு அந்த மனுசன். அவரா ஒதுங்கினாரா?"

இங்கேயும் ஒரு பொய் தயாராகத்தான் இருந்தது. எல்வுட்டே எனக்காகச் செய்து வைத்துவிட்டுப் போன பொய். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இல்ல. நான்தான் ஊதாதேன்னேன்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியை மட்டும் விட்டுவிடுகிறேன் என்று அவன் கேட்டதையும், அதற்கு நான் சொன்னதையும், பின்னால் யாரோ சிரித்ததையும் விடாமல் சொன்னேன். சொல்லிக்கொண்டு வரும்போதுதான், பத்து வருஷமாக நான் நினைக்காமலே தள்ளி வைத்திருந்த ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. இரண்டாவது பாட்டு முடிந்ததும் நாங்கள் மூன்று பேரும் வழக்கம்போல் வாய்ப்பகுதியைக் கழற்றி எச்சில் ஈரத்தைத் துணியால் துடைத்தோம். எல்வுட்டும் கழற்றினான். ஊதாத சாக்ஸபோனில் ஈரம் ஏது? அவன் அதை உள்ளும் புறமும் நிதானமாகத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பெட்டிக்குள் வைத்தான்.

வெர்னா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"நீங்க அந்த வார்த்தையச் சொன்னப்போ அவரு என்ன சொன்னாரு?"

"சரி, டெல்னு சொன்னான்."

"அவ்வளவுதானா? கோவிச்சுக்கவே இல்லையா?"

"இல்ல, வெர்னா."

"ஒரே ஒரு தடவையாவது கோவிச்சிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டு அவள் உடைந்து அழுதாள்.