மெல்லும் ஒட்டகத்துக்கு இரண்டு குரல்கள்

அழுவதுதான் அவள் பிழைப்பு. படத்தில் கைக்குழந்தை வீறிட்டாலும், பள்ளிக்குப் போகமாட்டேன் என்று ஒரு பொடியன் தரையில் புரண்டாலும், அந்த அழுகை இவளுடையதுதான். நிஜக் குழந்தைகள் இயக்குநர் கேட்கும் நேரத்தில் அழுவதில்லை. அழ ஆரம்பித்தால் அவர் கெஞ்சினாலும் நிறுத்துவதில்லை. ஆகவே ஒலிப்பதிவுக் கூடத்துக்கு இவள் இல்லாமல் முடியாது. பல் முளைக்கும் அழுகை, காய்ச்சல் அழுகை, கூட்டத்தில் அம்மாவைத் தொலைத்த அழுகை, மிட்டாய்க்காக அழும் பொய்யழுகை என்று தொண்டைக்குள் தனித்தனியாக அடுக்கி வைத்திருந்தாள். இத்தனை வருடம் அவள் அழுததைத் தேக்கி வைத்திருந்தால் ஊரில் குடிநீர்ப் பஞ்சமே வந்திருக்காது. ஒருநாள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பசியழுகை பழகியபோது, மேல்மாடிக்காரி பால்புட்டியோடு இறங்கி வந்துவிட்டாள்.

"பச்சப்புள்ளையைப் பட்டினி போட்டுட்டு உனக்கு அப்படி என்னம்மா வேலை?"

வீடு முழுக்கத் தேடியும் குழந்தை கிடைக்காமல், புட்டியைக் கடைசியில் பூனைக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். பூனையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் குடித்தது.

கூடத்தில் எல்லாரும் அவளை 'அழுகைக்காரி' என்றே கூப்பிட்டார்கள். அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. குறை மகளுக்குத்தான். நான்காம் வகுப்பில் அம்மா அப்பாவின் வேலையைச் சொல்லச் சொன்னபோது அந்தப் பெண் எழுந்து நின்று, "எங்கம்மா அழுவாங்க" என்றது. வகுப்பு கொல்லென்று சிரித்தது. வீட்டுக்கு வந்து புத்தகப்பையை மூலையில் எறிந்துவிட்டு, "பேசற வேலையா ஒண்ணு வாங்கிக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டது. அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

அப்படியிருக்கும்போதுதான் ஒட்டகம் வந்து சேர்ந்தது.

அது ஒரு கார்ட்டூன் படம். கூட்டத்தைத் தவறவிட்ட ஒட்டகமும் அதன் முதுகில் குடியிருக்கும் ஈயும் தண்ணீரைத் தேடிப் போகும் கதை. சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகும். படத்தை வரைந்தவர்கள் ஒட்டகத்தை ஓயாமல் மெல்ல விட்டிருந்தார்கள். மெல்லுகிற வாய்க்கு வசனம் பொருத்துவது சாமானியமான காரியமில்லை. உதடு ஒரு பக்கம் போகும், தாடை இன்னொரு பக்கம் போகும், சொல் நடுவில் அந்தரத்தில் தொங்கும். வந்து பார்த்த குரல்காரிகள் ஒவ்வொருவராகக் கையை விரித்துவிட்டுப் போனார்கள். காத்திருந்த அழுகைக்காரி காய்ந்த ரொட்டித்துண்டு ஒன்றைக் கடைவாயில் அதக்கிக்கொண்டு மைக்கின் முன்னால் போய் நின்றாள். ஒட்டகம் மென்றது, இவளும் மென்றாள். ஒட்டகம் பேசியது, இவளும் பேசினாள். உதடும் சொல்லும் ஊசியும் நூலுமாகப் பொருந்தின. ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்று கைதட்டினார்.

வீட்டில் அம்மாவும் மகளும் பாத்திரம் கழுவிக்கொண்டே பழகினார்கள். அம்மா ஒட்டகம், மகள் ஈ. கடைசிக் காட்சியில் தண்ணீர் தீர்ந்துபோய் எல்லா மிருகங்களும் ஒப்பாரி வைக்கும்போது ஒட்டகம் மென்றபடியே சொல்லும்: "அழாதீங்கப்பா. அழறது வீண் தண்ணிச் செலவு." ஈயாக இருந்த மகள் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் சிரித்துச் சோப்பு நுரையைச் சட்டையில் கொட்டிக்கொள்ளும்.

அப்புறம் தம்பட்டத்துக்கு என்ன குறை? மகள் வகுப்பு முழுக்கச் சொன்னது. அம்மா, தெருமுனை மளிகைக்காரர் முதல் மகளின் வகுப்பாசிரியை வரை சொன்னாள். மேல்மாடிக்காரிக்கு இரண்டு தடவை சொன்னாள். படம் வெளியாகும் வாரத்தில் ஒலிப்பதிவாளர் போன் செய்தார்.

"அக்கா, படத்தைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும்..."

"வேண்டாம் தம்பி, சொல்லாதீங்க. நேராத் திரையிலயே பாத்துக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். அந்த மனிதர் மறுபடி கூப்பிட்டார். தலைகால் புரியாமல் துணிக்கடையில் நின்றுகொண்டிருந்தவள் அதை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளையும், அண்ணன் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பயல்கள் இருவருக்கும் வீட்டில் வைத்த செல்லப்பெயர் பெரிய வால், சின்ன வால். பெயருக்குப் பழுதில்லாமல் நடந்துகொள்பவர்கள். அரங்கில் மின்தூக்கியின் எல்லாப் பொத்தான்களையும் அழுத்திவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். அழுகைக்காரி புதுச் சேலையில், வாயெல்லாம் பல்லாக, நடு வரிசையில் உட்கார்ந்தாள்.

விளக்கு அணைந்தது. மணல்மேடு தெரிந்தது. மேட்டுக்குப் பின்னாலிருந்து இரண்டு காதுகளும், பிறகு மெல்லுகிற வாயும் எழும்பி வந்தன. ஒட்டகம் பேசியது.

வேறு யாரோ பேசினார்கள்.

நாடே அறிந்த ஒரு சிரிப்பு நடிகையின் குரல் அது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யாரென்று சொல்லிவிடலாம். ஒட்டகம் வாயைத் திறந்ததுமே பின்வரிசை "ஏய், அவங்கதான்" என்று குதூகலித்தது. சொல் வாயில் ஒட்டவே இல்லை. ஒட்டகம் மென்று முடித்த பிறகும் குரல் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அதை யார் பார்த்தார்கள்? அரங்கம் அதிர்ந்து சிரித்தது. அழுகைக்காரி மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த மகளின் முகம் தன் பக்கம் திரும்புவது இருட்டிலும் தெரிந்தது. அவள் திரும்பவில்லை.

பெரிய வால் எட்டிக் கிசுகிசுத்தான். "அத்தை, இது நீங்களா?"

இல்லை என்று சொல்ல அதுதான் சமயம். அவள் நாக்கு என்ன செய்தது தெரியுமா? "ஆமாடா. கொஞ்சம் தொண்டையை மாத்திப் பேசினேன்" என்றது.

"உங்க குரல் மாதிரியே இல்லையே?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டது. "அம்மாவுக்கு எத்தனை குரல் இருக்குன்னு உனக்குத் தெரியுமா? பேசாமப் படத்தைப் பாரு."

சமையலறையில் ஒவ்வொரு சொல்லையும் கூடவே மென்ற பெண். அந்தக் குரல் யாருடையது இல்லை என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த பெண். அது அம்மாவுக்காகப் பொய் சொல்லிவிட்டு, முதுகை நேராக வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தது. அழுகைக்காரிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தான் சொன்ன பொய்யைவிட மகள் சொன்ன பொய் பத்து மடங்கு கனத்தது.

இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நின்றபோது போன் நினைவுக்கு வந்தது. அந்தத் தம்பி இதைத்தான் சொல்ல வந்திருக்கிறார். அவர் வாயைப் பொத்தியது யார்? இவளேதான். பயல்கள் அந்த நடிகையைப்போல் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகளிடம் "உனக்குக் குடிக்க எதாவது வேணுமாடா கண்ணு?" என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டியது.

இரண்டாம் பாதியில் அவள் செய்தது வேறு யாரும் செய்திருக்க முடியாத காரியம்.

ஒலிப்பதிவு அறை இருட்டாக இருக்கும். எதிரே திரை, அதற்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு. விளக்கு எரிந்தால் பேச வேண்டும். அணைந்தால் மூச்சுக்கூடச் சத்தமாக விடக்கூடாது. வருடக்கணக்காக அப்படியே பழகிய உடம்பு. சாலையில் சிக்னல் சிவப்பானால்கூட அக்கா தொண்டையைச் செருமிக்கொள்வார் என்று ஒலிப்பதிவாளர் கேலி செய்வதுண்டு. அரங்கத்திலும் திரைக்குப் பக்கத்தில் 'வெளியே' என்று ஒரு சிவப்புப் பலகை இருந்தது. முதல் பாதியில் அது எரியவில்லை. இடைவேளையில் யாரோ கடமை தவறாத ஆள் ஏணி போட்டு அதைத் தட்டிச் சரிசெய்திருந்தான். கெட்டுப்போன விளக்கு என்பதால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் எரிந்தது. எந்த நேரம் பார்த்து எரிந்தது?

தண்ணீர் தீர்ந்துவிட்டது. மிருகங்கள் ஒப்பாரி வைக்கின்றன. இருட்டு. அழுகைக்காரியின் கடைவாயில் பாப்கார்ன். அவமானத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் மென்றுகொண்டிருந்தாள். திரையில் ஒட்டகமும் மென்றது. சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"அழாதீங்கப்பா. அழறது வீண் தண்ணிச் செலவு."

கணீரென்று அரங்கம் முழுக்கக் கேட்டது. நடிகையின் குரலுக்கு ஒரு மயிரிழை முன்னால், ஒட்டகத்தின் உதட்டுக்கு அச்சாகப் பொருந்தி. மைக்கே இல்லாமல் கடைசி வரிசை வரை போகிற தொண்டை அது. சிரிப்பதா வேண்டாமா என்று அரங்கம் ஒரு கணம் திகைத்தது. அப்புறம் சிரித்த சிரிப்பில் கூரை அரை அடி எழும்பி மறுபடி வந்து உட்கார்ந்தது. அந்தச் சிரிப்பு ஒட்டகத்துக்காக வந்ததல்ல, இவளுக்காக வந்தது.

முன்வரிசைக்காரர் திரும்பினார். "ஏம்மா, எத்தனாவது தடவை பாக்கறீங்க? மனப்பாடமே பண்ணிட்டீங்களே."

"குழந்தைங்கதான் சத்தம் போடும்னு நெனச்சேன்" என்றாள் அவர் மனைவி.

அதற்குள் டார்ச் விளக்கோடு வந்துவிட்ட அரங்கத்து ஆள் வெளிச்சத்தை நேரே அவள் முகத்தில் அடித்தான். "மேடம், கூடவே பேசறதா இருந்தா வெளியில போய்ப் பேசுங்க. மத்தவங்களும் காசு குடுத்துத்தான் வந்திருக்காங்க."

மன்னிப்புக் கேட்க அவள் வாயைத் திறந்தாள். பலகை இன்னும் எரிந்துகொண்டிருந்தது, ஒட்டகம் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. பாழாய்ப்போன வாயிலிருந்து அடுத்த வசனம்தான் வந்தது. அப்போது ஒரு சின்னக் கை வந்து அவள் வாயைப் பொத்தியது. உப்பும் வெண்ணெயும் மணக்கிற மகளின் உள்ளங்கை. படம் முடிகிறவரை அந்தக் கை விலகவில்லை. அந்தக் கைக்குப் பின்னால் அவள் அழுதாள். ஊருக்கெல்லாம் அழுதவள் தனக்காக அழுதபோது ஒரு பொட்டுச் சத்தம் வரவில்லை.

வெளியே வந்து படிக்கட்டில் இறங்கும்போது யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் சேலைத் தலைப்பைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது நான் இல்லடா," என்றாள் பயல்களிடம். "நான் பேசினதை எடுத்துட்டு அந்தம்மாவைப் போட்டிருக்காங்க. உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும் அத்தை," என்றான் சின்ன வால், ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே.

"எப்போ தெரியும்?"

"மொதல்லயே தெரியும். உங்க குரல் எங்களுக்குத் தெரியாதா? பேருக்குக் கேட்டோம்."

"அப்போ ஏன்டா சொல்லலை?"

"சொன்னா நீங்க அழுவீங்க," என்றான் பெரிய வால். "நீங்க அழுதா எப்போ நிறுத்துவீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

ஆக மூன்று குழந்தைகளும் சேர்ந்து அவளைக் காப்பாற்றியிருக்கிறார்கள். வளர்ந்தவள் ஒருத்திதான் வரிசையில் பொய்யைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவள் கூனிக்குறுகிப் போனாள். மகளின் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு உன் வகுப்புல கேட்பாங்களே."

"நான் சொல்லமாட்டேன்" என்றது மகள். பிறகு, "பொய்யும் சொல்லமாட்டேன். ஒரு தடவை சொன்னதே போதும். நீயே வந்து சொல்லும்மா" என்றது.

திங்கட்கிழமை காலை பள்ளி வாசலில், வகுப்பே காத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அதே படத்தைத்தான் பார்த்திருந்தார்கள். இரட்டைச் சடைக்காரி ஒருத்தி, "ஆன்ட்டி, அது அந்த நடிகைதானே?" என்று ஆரம்பித்தாள். அழுகைக்காரிக்குக் காது மடல் வரை சூடேறியது. ஓடிவிடலாமா என்று பாதம் கேட்டது. மகள் தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"ஆமா, அவங்கதான். நான் பேசினேன், வேண்டாம்னுட்டாங்க. தெரியாம நான்தான் ஊரெல்லாம் சொல்லிட்டேன். என் பொண்ணு மேல தப்பில்ல."

"அப்போ நீங்க என்ன பண்ணுவீங்க?"

"அழுவேன்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "எங்கே, அழுங்க" என்றது ஒரு குரல்.

அவள் வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. தொண்டையில் வெட்கம் குறுக்கே படுத்துக்கொண்டு நகர மறுத்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்போது மகள் பையைத் திறந்து, தன் தண்ணீர்ப் புட்டியின் சிவப்பு மூடியைக் கழற்றித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தது.

பல் முளைக்கும் அழுகைதான் வந்தது. முதலில் சிணுங்கலாக எழுந்து, மூச்சுத் திணறி, ஒரு நொடி அடங்கி, அப்புறம் அலறலாக வெடிக்கிற வகை. காவலாளி தேநீர்க் கோப்பையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, "யாருப்பா கொழந்தைய வாசல்ல விட்டுட்டுப் போனது?" என்று புதரையெல்லாம் விலக்கித் தேடினார். தலைமையாசிரியை மாடி ஜன்னலைத் திறந்தார். இரட்டைச் சடைக்காரிக்கு உதடு பிதுங்கிவிட்டது.

மகள் மூடியை இறக்கியது. அழுகை நின்றது.

அவளுக்குக் காது மடல் இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. அது அன்று சாயங்காலம் வரை ஆறவில்லை. மகள் மணி அடித்த பிறகும் உள்ளே போகாமல் நின்று, மூடியைப் புட்டியில் திருகிக்கொண்டே, "எங்கம்மா" என்றது, யாரும் கேட்காமலேயே.