ஆப் தேடித் தந்த ஜோடி

போன சனிக்கிழமை எனக்கு ஒரு வேற்றினத் தோழி கிடைத்தார். தேடிக் கொடுத்தது ஒரு ஆப்.

யார் என்று சொல்வதற்கு முன்னால் நான் அங்கே எதற்குப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் எரிச்சல் உங்களுக்குப் புரியாது.

ஆசிரியர்களுக்கான கோர்ஸ். முதலில் வகுப்பறைத் தொழில்நுட்பம், தேநீருக்குப் பிறகு இனங்களுக்கிடையே சமவாய்ப்பு. இடம், சுங்கை பட்டாணியில் ஒரு ஹோட்டல். வியாழன் மாலை வாட்ஸ்அப்பில் உத்தரவு வந்தது... கட்டாயம் வர வேண்டும்.

அதே சனிக்கிழமைதான் குருண் ஊரில் மாவட்ட அளவிலான மலாய்க் கதை சொல்லும் போட்டி. எங்கள் தமிழ்ப் பள்ளியிலிருந்து யாழினி போகிறாள். சிடாம் கிரி பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, ஐந்தாம் ஆண்டு. இந்த வருடம் பள்ளி திறந்த நாளிலிருந்து அவளுக்குப் பயிற்சி கொடுத்தவள் நான். எங்கள் பள்ளியிலிருந்து இந்தப் போட்டிக்கு ஒரு பிள்ளை தேர்வாகிப் போவது இதுதான் முதல் தடவை.

"நீங்க கோர்ஸுக்குப் போங்க டீச்சர். பிள்ளைய நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார் தலைமையாசிரியர். நம்பிக் கிளம்பினேன்.

முதல் பகுதியைப் பற்றி என்ன சொல்ல? ஒரு பயிற்றுநர், பாத்திக் சட்டை போட்ட இளைஞர், ஸ்மார்ட் போர்டின் மகிமைகளை விளக்கினார். எங்கள் பள்ளியிலும் ஒன்று இருக்கிறது. சரஸ்வதி பூசையன்று மாலை போட்டு, கேமராக் கண்ணைப் பார்த்து ஒரு சந்தனப் பொட்டும் வைத்தோம். நெற்றி எது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அன்றோடு அது எங்களைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டது. ரிப்பேர் செய்ய இன்னும் யாரும் வரவில்லை. ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக் கொடுக்க மட்டும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

தேநீர் இடைவேளை. கறிபாப் பலகாரத்துக்கான வரிசையில் எனக்கு முன்னால் நிற்கிறவரின் முதுகு தெரிந்த முதுகாக இருந்தது. திரும்பினார். எங்கள் தலைமையாசிரியர்.

"ஐயா... யாழினி?"

கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தார். "பக்கத்து ஹால்ல தலைமையாசிரியருங்களுக்கும் இதே கோர்ஸ், டீச்சர். நேத்துதான் மெசேஜ் வந்துச்சு. உங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சேன்..."

நினைத்தாராம். யாழினியின் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"விடியக்காலையிலேருந்து ரெடியா வாசல்லயே நிக்கிறா டீச்சர். அவங்கப்பா மோட்டார எடுத்துக்கிட்டு வேலைக்குப் போயிட்டாரு. நான் என்னா செய்ய?"

போன் போட்டால் வருகிற வாடகைக் கார்கள் அந்தத் தோட்டத்துச் செம்மண் ரோடு என்றதுமே வர மறுத்துவிடுகின்றன. போட்டிக்கான பெயர்ப் பதிவு மதியம் பன்னிரண்டுக்கு மூடிவிடும். என் காரோ வீட்டில் நிற்கிறது. நான் வந்தது சக ஆசிரியை நிஷாவின் காரில்.

பயிற்றுநரிடம் போய் நிலைமையைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். "புரியுது சிக்கு. ஆனா இனிமே வர்ற பகுதி ரொம்ப முக்கியம். ஒவ்வொரு பிள்ளைக்கும் சம வாய்ப்புக் கொடுக்கிறது எப்படின்னு பார்க்கப் போறோம். அத மிஸ் பண்ணாதீங்க" என்றார் மலாயில். மலாயில் ஆசிரியருக்குச் 'சிக்கு' என்றுதான் பெயர்.

நான் அழவில்லை. கறிபாப்பைத் தட்டிலேயே வைத்துவிட்டு என் மேசைக்குத் திரும்பினேன்.

பகுதி தொடங்கியது. எல்லோரும் போனில் ஒரு ஆப்பைத் திறந்து பெயரைப் போட வேண்டும். ஆப் நமக்கு வேற்றினத்திலிருந்து ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுக்கும். அவரோடு மனம்விட்டுப் பேசி, செல்ஃபி எடுத்து, டிஜிட்டல் சுவரில் ஒட்ட வேண்டும். நல்ல யோசனைதான். தேசியப் பள்ளி, சீனப் பள்ளி, தமிழ்ப் பள்ளி என்று காலையிலிருந்து மேசைக்கு மேசை தனித்தனியாகத்தானே உட்கார்ந்திருந்தோம்?

என் திரையில் பெயர் வந்தது. பரக்கத் நிஷா. இனம்: மலாய்.

அதாவது, பத்து வருடமாக என்னோடு ஒரே காரில் வேலைக்கு வருகிற நிஷா. எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டுக்குத் தமிழ் எடுக்கிற நிஷா. பாக்கார் ஆராங் பகுதியில் அவள் அண்ணனுடைய நாசி கண்டார் சோற்றுக் கடையில் சாப்பிடாத ஆசிரியர் எங்கள் பள்ளியில் கிடையாது. தமிழ் முஸ்லிம் என்று ஒரு கூட்டம் இருப்பதே அந்த ஆப்புக்குத் தெரியவில்லை. பெயரைப் பார்த்தது, மலாய் என்று முடிவு கட்டிவிட்டது.

நான் பயிற்றுநரிடம் சொன்னேன். அவர் தன் டேப்லெட்டைப் பார்த்தார். "சிஸ்டத்துல மலாய்னுதான் இருக்கு, சிக்கு."

"சிஸ்டம் சொன்னா சரிதான் லா" என்றாள் நிஷா. ஜோடிகளுக்கென்று கொடுத்திருந்த கேள்வித் தாளைக் கையில் எடுத்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை. "வணக்கம்கா. உங்க ஆளுங்க தீபாவளிக்கு என்னா பலகாரம் செய்வீங்க?"

"போன வருசம் எங்க வீட்டுல ரெண்டாவது தடவ கேட்டு வாங்கித் தின்னியே, அதான்."

"எங்க வேணும்னாலும் போய்ப் பேசலாம்" என்று பயிற்றுநர் மைக்கில் அறிவித்தார். "லாபி, தோட்டம், எங்க வசதியோ அங்க. ஜோடியோட மட்டும் இருங்க."

நிஷா என்னைப் பார்த்தாள். கைப்பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்தாள்.

"எங்க வேணும்னாலும்னுதானே சொன்னாரு? எழுந்திரிங்க அக்கா."

யாழினியின் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் அவளைக் காணவில்லை. உள்ளே, வீட்டு உடுப்போடு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"வர மாட்டீங்கன்னு நெனச்சு மாத்திட்டேன், டீச்சர்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பெரியவர்கள் வர மாட்டார்கள் என்பதை ஒரு பத்து வயதுப் பிள்ளை அவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொள்ளலாமா? அதற்கு எந்தக் கோர்ஸில் பதில் வைத்திருக்கிறார்கள்?

மறுபடியும் சீருடை. அவள் அம்மா ஓடி வந்து கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டுத் தானும் காரில் ஏறிக்கொண்டார். நிஷா ஓட்டிய ஓட்டத்தைப் பற்றி இங்கே எழுதினால் அவளுக்குச் சம்மன் வரும். விட்டுவிடுகிறேன். குருணுக்குள் நுழைந்தபோது பதிவு மேசையை மடக்கத் தொடங்கியிருந்தார்கள். நிஷா அந்த மேசையின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டே பேசினாள். பதிந்தார்கள்.

யாழினி கடைசியாகப் பேசினாள். மற்றப் பிள்ளைகளுக்கு மினுமினுக்கும் உடையும் பின்னணி இசையும் இருந்தன. இவளுக்கு இரண்டு கைகளும் ஒரு குரலும். ஒரு மீனவன் கதை. புயல் வருகிற இடத்தில் அரங்கத்தில் ஒருவரும் நாற்காலியை நகர்த்தவில்லை.

முடிந்ததும் நடுவர் ஒருவர், அன்பான அம்மாதான், அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். "தமிழ்ப்பள்ளிப் பிள்ளையா? மலாய் இவ்வளவு நல்லா பேசுறியே, எப்படி?"

"எங்க ஸ்கூல்ல எல்லாரும் பேசுவோம், சிக்கு" என்று மலாயிலேயே சொன்னாள் யாழினி.

அந்த அம்மா பாராட்டாகத்தான் கேட்டார். ஆனால் ஏன் அவருக்கு ஆச்சரியம் வர வேண்டும்? இதே நாட்டில் பிறந்த பிள்ளைதானே? இதைப் பற்றி அந்தக் கோர்ஸில் ஒரு ஸ்லைடாவது இருந்திருந்தால் நான் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்திருப்பேன்.

மூன்றாம் பரிசு. கழுத்தில் பதக்கத்தோடு யாழினியை நடுவில் நிறுத்தி, நானும் நிஷாவும் ஒரு செல்ஃபி எடுத்தோம். சொன்னபடியே டிஜிட்டல் சுவரில் ஒட்டினோம். ஹோட்டலுக்குத் திரும்பியபோது கோர்ஸ் முடிந்து ஹாலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை, சபைகூடலில் யாழினி பதக்கத்தோடு மேடையேறினாள். தலைமையாசிரியர்தான் முதலில் கை தட்டினார், பலமாக. அப்போது என் போனும் நிஷாவின் போனும் ஒன்றாகச் சிணுங்கின. இருவருக்கும் ஒரே மின்னஞ்சல்.

'ஒவ்வொரு பிள்ளைக்கும் சமவாய்ப்பு' என்ற பகுதியை நாங்கள் முடிக்கவில்லையாம். மறுபடியும் வந்து கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

போகிறோம். ஜோடியை மட்டும் மாற்றிவிட வேண்டாம் என்று பதில் போட்டிருக்கிறோம்.