மூக்கு ஒன்றே முதலீடு

என் வீட்டுக்காரருக்கு இருந்த ஒரே சொத்து அவருடைய மூக்குதான். லட்சணமான மூக்கு என்று சொல்லிவிட முடியாது. பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு அதைச் சொல்லிச் சொல்லியே என் தங்கை ஒரு வாரம் சிரித்தாள். ஆனால் அந்த மூக்கு இல்லாவிட்டால் கள்ளிக்குப்பத்து ஷெட்டில் எங்கள் கிரைண்டர் ஓடியிருக்காது, வீட்டில் உலையும் கொதித்திருக்காது.

அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளில் பிளாஸ்டிக் சாமான் வார்க்கும்போது உடைந்தது, கோணிப்போனது, காம்பு மாதிரி ஒட்டிக்கொண்டு வருவது என்று கழிவு சேரும். அதை வாங்கி வந்து பிரித்து அரைத்து, சின்ன மோல்டிங் பட்டறைகளுக்கு விற்பது எங்கள் தொழில். ஊரில் என்ன தயாராகிறது என்று எங்கள் குவியலைப் பார்த்தே சொல்லிவிடலாம். நான் கல்யாணமாகி வந்தபோது பக்கெட்டும் மக்கும்தான். அப்புறம் டிவிப் பெட்டிகளின் முதுகு வந்தது. டிவி தட்டையானதும் அது நின்றுபோய், கார் சாமான்கள் கறுப்புக் கறுப்பாக வந்து குவிந்தன.

கறுப்பில்தான் வம்பு. எல்லாம் பார்க்க ஒன்று போலவே இருக்கும். மாற்றிக் கலந்து அரைத்தால் வாங்கியவருடைய மெஷின் பாழ். இவர் ஒரு துண்டைக் குறட்டில் பிடித்துக் கொளுத்துவார், ஊதி அணைப்பார், புகையை ஒரு இழுப்பு இழுப்பார். மெழுகுவத்தியை அணைத்த வாசனை வந்தால் பாலித்தீன். முடி பொசுங்கிய வாசனை வந்தால் நைலான். சீட்டு, சான்றிதழ் எதுவும் கிடையாது. இவர் முகர்ந்து சொல்லிவிட்டால் யாரும் மறுபேச்சு இல்லாமல் மூட்டையை ஏற்றிக்கொண்டு போவார்கள்.

லாக்டவுன் வருஷம் எங்கள் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் காய்ச்சல் வந்தது. இவருக்கும் எனக்கும் வாசனை தெரியாமல் போய்விட்டது. ரசமும் வெந்நீரும் ஒன்றாக இருந்தன. சில வாரங்களில் எனக்குத் திரும்பி வந்தது. உனக்கும் வந்துவிட்டதா என்று இவரைக் கேட்டேன். வந்துவிட்டது என்றார். நான் நம்பினேன். கட்டிய புருஷன் மூக்கைப் பற்றியெல்லாம் பொய் சொல்வார் என்று யாருக்குத் தோன்றும்?

குமணன்சாவடியில் சுவிட்ச் பாக்ஸ் வார்க்கும் பாய் ஒருவர் வருஷக்கணக்காக எங்களிடம் சரக்கு எடுப்பவர். ஒரு நாள் அவரே நேரில் வந்தார். துணியைப் பிரித்து, பாக்ஸ் வார்க்கும் டை அச்சிலிருந்து கழற்றிய ஒரு துண்டைப் பெஞ்சின்மேல் வைத்தார். முகம் பார்க்கலாம் போல மின்ன வேண்டிய எஃகு, துருவேறிப் புள்ளி புள்ளியாக இருந்தது. ஏபிஎஸ் பிளாஸ்டிக் என்று நாங்கள் கொடுத்த மூட்டையில், குழாய் செய்கிற பிவிசி கலந்திருக்கிறது. சூட்டில் அது கருகி, ஆசிட்டைக் கக்கி, டையையே தின்றுவிட்டது. பாய் சத்தம் போடவில்லை.

“அண்ணாத்தே, நீ மோந்து பாத்தியா?” என்று மட்டும் கேட்டார்.

பார்த்தேன் என்றார் இவர். எனக்குத்தான் பொத்துக்கொண்டு வந்தது. உன் பட்டறையில் எவன் என்னத்தைக் கொட்டினானோ, பழியை இங்கே கொண்டு வராதே என்று பாயை வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர் துணியைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். எப்போதும் என் வாயை அடக்குகிற என் வீட்டுக்காரர் அன்றைக்கு அடக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

சுவிட்ச் சாமானுக்குப் போகும் ஏபிஎஸ்ஸில் தீப்பிடிக்காமல் இருக்க ஏதோ மருந்து கலப்பார்கள். நெருப்பை விலக்கினால் அதுவும் அணையும், பிவிசியும் அணையும். கண் ஏமாந்துபோகும் இடம் அது. அங்கே மூக்கு சொல்வதுதான் தீர்ப்பு.

மறுநாள் காலை இவரைக் கண்ணை மூடச் சொன்னேன். என்ன விளையாட்டு என்று முறைத்தார், ஆனாலும் மூடினார். ஒரு நைலான் துண்டைக் கொளுத்தி அணைத்து மூக்குக்கு நேரே நீட்டினேன். ஷெட் முழுக்க முடி பொசுங்கிய நாற்றம். இவர் இழுத்தார். மறுபடியும் இழுத்தார். கண்ணைத் திறக்காமலே நின்றார்.

“காட்டம் தெரீது மே. வாசனை வர்ல,” என்றார். “வரவே இல்ல.”

வெளியே தெரிந்தால் நம்மிடம் யார் வாங்குவார்கள் என்றுதான் மறைத்தாராம். என்னிடம் மறைப்பானேன் என்று கத்தினேன். கத்திவிட்டு அழுதேன். அன்று மாலையே இவர் குமணன்சாவடிக்குப் போய் உள்ளதைச் சொல்லிவிட்டு வந்தார். பாய் யாரிடமும் மூச்சு விடவில்லை. சரக்கு எடுப்பதையும் நிறுத்தவில்லை. ஆனால் என் கண்ணைப் பார்த்துப் பேச அவருக்கு ரொம்ப நாளாயிற்று.

அதிலிருந்து இவர் கொளுத்துவார், நான் முகர்ந்து சொல்லுவேன். இத்தனை வருஷம் பக்கத்திலேயே நின்றவளுக்கு அது தெரியாதா? “நெசமாத்தான் சொல்றியா?” என்று ஒவ்வொரு துண்டுக்கும் கேட்டு என் உயிரை வாங்குவார். நான் சமையலை முடித்து ஷெட்டுக்கு வருவதற்குள் இவர் முன்னால் போயிருப்பார். தரையெல்லாம் தீக்குச்சியும் கருகிய துண்டுமாகக் கிடக்கும். நான் இல்லாத நேரத்தில் தானே கொளுத்தி, கிட்டே வைத்து, நெஞ்சு நிறைய இழுத்துப் பார்த்திருக்கிறார். திட்டினேன், தீப்பெட்டியை ஒளித்து வைத்தேன். எதிர்க் கடையில் வேறு வாங்கிக்கொண்டார்.

இருமல் வந்தது. மாடிப்படி ஏற முடியாமல் போனது. நுரையீரல் கெட்டுவிட்டது, இதில் காய்ச்சல் செய்தது எவ்வளவு, புகை செய்தது எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். கடைசியில் வீட்டுக்கே ஆக்சிஜன் மெஷின் வந்தது. மூக்கில் மாட்டிய குழாயை விரலால் நசுக்கிப் பார்த்து, பிவிசி, நல்ல சரக்குதான் என்றார். எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது.

ஒரு மத்தியானம், இவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கோபம் ஆறாமல்தான் கேட்டேன். தொழிலுக்குத்தான் என் மூக்கு இருந்ததே, நீ ஏன் அந்தப் புகையை இழுத்து இழுத்து இப்படி வந்து படுத்தாய் என்று. இவர் கஞ்சியை விழுங்கிவிட்டு, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்.

“தொழிலுக்கு இல்ல மே. பாலி, நைலான், எல்லாத்தோட வாசனையும் எனக்கு நெனப்புல கீது. உன் வாசனதான் நெனப்பு வர்ல. இந்த மூக்கு ஒருதபா தொறந்துச்சுன்னா அதுவும் வந்துடும்னு பாத்தேன்.”

நான் கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டேன்.

“நீயே சொல்லேன். இன்னா வாசன அது?”

எத்தனையோ மூட்டைக்கு வாசனை சொன்னவள் நான். முந்தானையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். கையை முகர்ந்தேன். சோப்பு வாசனைதான்யா என்றேன்.

“அது கடையிலயே கெடைக்குமே,” என்றார்.

அதற்குப் பிறகு கேட்கவில்லை. என்னைத் தன் பக்கம் இழுத்து, என் தலைமேல் முகத்தை வைத்துக்கொண்டு, அந்த மெஷின் கொடுத்த மூச்சையெல்லாம் இழுத்துப் பார்த்தார். நான் அசையாமல் இருந்தேன். ஒன்றும் வரவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

தை பிறக்கும் முன்பே போய்விட்டார். ஷெட்டை நான்தான் நடத்துகிறேன், மூக்கும் என்னுடையதுதான். அவர் கேட்டதற்கு மட்டும் இன்று வரை எனக்குப் பதில் தெரியாது. அதைத் தெரிந்து வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான்.