சூரத்துக்கு இரண்டரை மணி நேரம்

காலை 5.50. பிள்ளையார்பாளையத்தில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் கண்ணில் பட்டது வெறும் தெரு. விடியும் முன்பே தறியில் ஏற்றப்போகும் பட்டுப் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்று பாவு கட்டும் கம்புகள் சுவரோரம் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. எந்த வீட்டிலும் தறிச் சத்தம் இல்லை. 2008, தை அமாவாசை. பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு முப்பது ரூபாய்.

சொந்த விமானம் வைத்திருக்கும் ஒரு காஞ்சிபுரத்துக்காரரைப் பற்றி எழுத ஒரு வார இதழ் என்னை அனுப்பியிருந்தது. அவர் பெயர் கச்சபேசன், வயது 54. நெசவாளர் வீட்டுப் பிள்ளை. ஸ்ரீபெரும்புதூரில் கார்களுக்கு ரப்பர் உதிரிப் பாகம் செய்யும் தொழிற்சாலை வைத்திருக்கிறார். 41 வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒற்றை டர்பைன் இயந்திரமும் முன்னால் சுழலியும் கொண்ட ஆறு இருக்கை விமானம் ஒன்றைப் பழையதாக வாங்கினார். விலை ஐந்தரைக் கோடி. வேகம் மணிக்கு 480 கிலோமீட்டர். மணிக்கு 220 லிட்டர் எரிபொருள் குடிக்கும்.

அண்ணன் தணிகாசலம், 62, இன்னும் இதே தெருவில் நெய்கிறார். சரிகை வாங்க ரயிலில் சூரத் போனவருக்கு அங்கே நெஞ்சுவலி. நான்கு நாளாக மருத்துவமனையில் இருந்தார். மறுநாள் தம்பி விமானத்தில் போய் அழைத்து வருவதாகத் திட்டம். நானும் கூடப் போவதாக ஏற்பாடு.

அமாவாசையன்று ஏன் போகவில்லை என்பதற்குக் காரணம் இருந்தது. இங்கே தறி குழிக்குள் இருக்கிறது. நெசவாளர் குழியில் இறங்கிக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்கிறார். அதனால் 'எறங்கறது' என்றாலே இந்தத் தெருவில் வேலையைத் தொடங்குவது. 'எறங்கியாச்சா?' என்றுதான் காலையில் ஒருவரையொருவர் கேட்கிறார்கள். அமாவாசையன்று யாரும் இறங்குவதில்லை. கச்சபேசன் குழியை விட்டு முப்பது வருடம் ஆகிறது. ஆனாலும் அந்த வழக்கத்தை விமானத்துக்கும் வைத்திருந்தார். அமாவாசைக்கு அது பறக்காது. இயந்திரப் பராமரிப்பை அந்த நாளை ஒட்டி வைத்துக்கொள்வார்.

நான் போனபோது கச்சபேசன் அண்ணன் வீட்டு வாசலில் செல்பேசியோடு நின்றிருந்தார். ஐந்தரைக்குச் சூரத்திலிருந்து சரிகை வியாபாரி கூப்பிட்டிருக்கிறார். இரவு இரண்டாவது தடவை வலி வந்ததாம். உறவுக்காரர்கள் உடனே வரட்டும் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்களாம்.

7.40. வண்டியில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியபோது தணிகாசலமே பேசினார். யாரோ செல்பேசியை அவர் காதருகே பிடித்திருந்தார்கள். கச்சபேசன் ஒலிபெருக்கியில் போட்டார்.

"இன்னாடா, அமாவாசயும் அதுவுமா கௌம்பிட்டியாமே?"

"வந்துக்கினே இருக்கோம்ணா. அண்ணியும் வர்றாங்க."

"நாளைக்கு வாடா, போதும். இன்னிக்கு எவன் எறங்கறான்? உன் வண்டிதான் நம்ம ஊர்ல எறங்கனதே கெடையாதே."

அது பழைய கேலி. காஞ்சிபுரத்தில் விமானம் இறங்க இடமில்லை. சொந்த விமானத்தில் ஏற, 70 கிலோமீட்டர் காரில் மீனம்பாக்கம் போக வேண்டும். "ஊருக்கு எறங்காத வண்டி" என்றே அண்ணன் அதற்குப் பெயர் வைத்திருந்தார். ஒரு தடவைகூட அதில் ஏறியதில்லை.

பின் இருக்கையில் இருந்த அண்ணி அமிர்தம்மாள் முன்னால் சாய்ந்து, "அவரு அப்படித்தான் சொல்லுவாரு தம்பி. நீ ஓட்டு" என்றார்.

8.35, மீனம்பாக்கம். விமானம் கொட்டகைக்குள் நின்றது. மூக்குப் பகுதியின் மூடிகள் கழற்றித் தரையில் வைக்கப்பட்டிருந்தன. எரிபொருளைத் தூவும் முனைகள் பதினான்கும் சோதனைக்காக முந்தின நாளே பெங்களூர் போயிருந்தன. பொறியாளர் பாஸ்கர், அவை காலை விமானத்தில் வந்துவிடும், பதினொரு மணிக்குள் பூட்டிவிடலாம் என்றார்.

கச்சபேசன் ஒரு காகிதத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டார். பயணிகள் விமானம் 9.50-க்கு, மும்பையில் 11.45; அங்கிருந்து ரயிலில் சூரத், மாலை ஐந்துக்குள். சொந்த விமானம் பன்னிரண்டுக்குக் கிளம்பினால் இரண்டரை மணி நேரம், பிற்பகல் 2.30. காகிதத்தை என்னிடம் காட்டி, வேறு வழி எதற்கு என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. 9.50 விமானம் எங்கள் தலைக்கு மேல் ஏறிப் போனதைப் பார்த்தோம்.

காத்திருந்த நேரத்தில் எடைப் பட்டியலை நிரப்பினார். சிறிய விமானத்தில் யார் எங்கே உட்கார்கிறார்கள், எவ்வளவு எடை என்று ஒவ்வொரு பயணத்துக்கும் எழுதியாக வேண்டும். போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று.

"அண்ணி, உங்க எட எவ்ளோ?"

"இன்னாத்துக்கு? அரிசி மூட்டயா நானு?"

"சொன்னாத்தான் வண்டி ஏறும்."

"அறுவத்தஞ்சு போடு. உங்கண்ணனுக்கு அறுவத்தொண்ணு. போன மாசம் டாக்டர் பாத்துச் சொன்னாரு. என்னவிடக் கொறச்சல்னு தெரு பூரா சொல்லிக்கினு திரிஞ்சேன்."

திரும்பும் பட்டியலில் 'பயணிகள்' என்ற பத்தியில் நான்காவது இருக்கைக்கு நேரே தணிகாசலம், 61 என்று எழுதினார். படுத்துக்கொள்ள வசதியாக எந்த இருக்கைகளைக் கழற்றலாம் என்றும் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

முனைகள் 11.40-க்கு வந்தன. பூட்டி முடிக்க ஒன்றரை ஆனது. அழுத்தம் கொடுத்துப் பார்த்தபோது ஒன்று கசிந்தது. பாஸ்கர் அதைக் கழற்றி அடைப்பு வளையத்தை மாற்றி மறுபடி பூட்டினார். தரையிலேயே இயந்திரத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு அனுமதி, பிறகு புறப்பட நேரம். பாஸ்கர் எதையும் மெதுவாகச் செய்யவில்லை. எதையும் விட்டுவிடவும் இல்லை.

மூன்று மணிக்கு அமிர்தம்மாள் கேட்டார்: "அவரு ரெண்டு ராத்திரி ரயில்ல போனாரு. ரெண்டர மணி நேரத்துல போயிடலாம்னு காலயிலேர்ந்து சொல்லிக்கினு இருக்க. இன்னும் மீனம்பாக்கத்துலயே கெடக்கறோம்." கச்சபேசன் போய் டயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். அதைக் காலையிலிருந்து நான்கு தடவை செய்திருந்தார்.

3.25, புறப்பாடு. இயந்திரத்தின் அதிர்வு இருக்கைக்குக் கீழே ஒரு நிமிடம் இருந்தது. பிறகு சீரான இரைச்சல் மட்டும். அமிர்தம்மாள் கைப்பிடியை விடாமல், நம்ம ஊர் தெரியுமா என்று கேட்டார். இடப்பக்கம் தூரத்தில் என்று கச்சபேசன் கைகாட்டினார். அங்கே மங்கலாக ஏரிகள் பளபளத்தன. கோபுரம் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் அமிர்தம்மாள் அந்தத் திசைக்குக் கும்பிட்டார்.

பயணிகள் விமானத்தில் காணாத சில விஷயங்கள் இதில் உண்டு. ஓட்டுபவரின் பின்கழுத்து தெரிகிறது. அவர் பதற்றமாக இருந்தால் பயணிக்கும் தெரியும். கச்சபேசனின் கழுத்து அசையவே இல்லை. கட்டுப்பாட்டு நிலையங்களோடு ஆங்கிலத்தில் பேசும்போது அவர் குரல் வேறொருவருடையதுபோல நிதானமாக இருந்தது. கீழே கடப்பைக் குன்றுகள் வந்தன, பிறகு கிருஷ்ணா. அதற்கப்புறம் வெகுநேரம் காய்ந்த தக்காண நிலம். வெயில் நேராக முகத்தில் அடித்தது. மேலே செல்பேசி எடுக்காது.

5.20-க்கு என் குறிப்பேட்டில் இருப்பது இவ்வளவுதான்: உயரம் 26,000 அடி. வெளியே மைனஸ் 25 பாகை. அமிர்தம்மாள் மிளகாய்ப்பொடி தடவிய இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கிறார். எனக்கு இரண்டு. கச்சபேசன் வேண்டாம் என்றார். இரண்டை அமிர்தம்மாள் இலையோடு மடித்து, ஆஸ்பத்திரியில் அவருக்கு ஆகும் என்று பைக்குள் வைக்கிறார்.

6.05, சூரத். இருட்டுவதற்குள் இறங்கிவிட்டோம். சக்கரம் தரையைத் தொட்டதே தெரியாத அளவுக்கு மென்மையான இறக்கம். அதை நான் சொன்னபோது கச்சபேசன் முதல் தடவையாகச் சிரித்தார்.

சரிகை வியாபாரி நிலைய வாசலிலேயே நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை போட்ட குள்ளமான மனிதர். அவர் கைகூப்பி நின்ற விதத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. ஐந்து இருபதுக்கு, என்றார் இந்தியில்.

அமிர்தம்மாள் அங்கே அழவில்லை. பையைத் திறந்து இலைப் பொட்டலம் இருக்கிறதா என்று பார்த்தார். காரில் ஏறிய பிறகுதான் அழுதார்.

வழியில் வியாபாரி சொன்னது: மூன்று மணி வரை தணிகாசலம் தெளிவாக இருந்தார். சரிகைப் பெட்டிகளை எடை போட்டாயிற்றா என்று விசாரித்தார். அதற்குப் பிறகு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். தமிழ் தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இல்லை. வியாபாரி அந்தச் சொல்லை மறந்துவிடக் கூடாது என்று ஒரு பற்றுச்சீட்டின் பின்புறம் குஜராத்தியில் எழுதி வைத்திருந்தார். கார் விளக்கில் அதைப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தார்:

"எ-றங்-கிட்-டானா."

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்.

கச்சபேசன் இந்தியில், "வேலையைத் தொடங்கிவிட்டானா என்று கேட்பது. எங்கள் தெருவில் அப்படிச் சொல்வோம்" என்றார். வியாபாரி தலையசைத்துச் சீட்டை மடித்து அவரிடமே கொடுத்தார்.

மறுநாள் சான்றிதழ்கள் எல்லாம் கைக்கு வரக் காலை பத்தரை ஆனது. இருக்கைகள் இரண்டைக் கழற்றினார்கள். மீனம்பாக்கத்தில் ஓரத்தில் குறித்திருந்த அதே இருக்கைகள். சிறிய விமானங்களின் கதவு குறுகல். உடல் இருந்த பெட்டியைச் சாய்க்காமல் உள்ளே கொண்டுபோக ஆறு பேருக்கு இருபது நிமிடம் பிடித்தது. கச்சபேசன் உள்ளிருந்து தலைப்பக்கத்தைப் பிடித்தார். அமிர்தம்மாள் கழற்றாத இருக்கையில், பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "வாழ்நாள் பூரா ஏற மாட்டேன்னாரு" என்றார், யாரையும் பார்க்காமல்.

நான் அங்கிருந்து மும்பைக்கு ரயிலில் போவதாக முடிவாயிற்று. பெட்டி மீதி இருக்கைகள் வரை நீண்டிருந்ததால் எனக்கு இடமில்லை.

11.50. புறப்படும் முன் கச்சபேசன் இறக்கையின் மேல் வைத்து எடைப் பட்டியலைத் திருத்தினார். என் பெயரை அடித்தார். பெட்டிக்கு 24 என்று ஒரு வரி சேர்த்தார். பிறகு நான்காவது இருக்கைக்கு நேரே இருந்ததைப் 'பயணிகள்' பத்தியிலிருந்து அடித்து, 'சரக்கு' என்ற பத்தியில் எழுதினார். எடையை மாற்றவில்லை. 61.