இடது காலுக்கு மட்டும் ஒரு சப்பாத்து

“இராசேஸ்வரி கோபாலசிங்கம், வயது நாற்பத்தைந்து, வீட்டுப் பணியாளர். இரு முழங்கால்களிலும் தேய்வு, தட்டைப் பாதங்கள். இலகுவான வீட்டு வேலைகளுக்கு உகந்தவர். படியேறுதல், நெடுந்தூரம் நடத்தல், பாரம் சுமத்தல் ஆகியவற்றுக்கு உகந்தவர் அல்லர்.”

1989இல் ஒரு வைத்தியர் எழுதி முத்திரை குத்திய இந்தத் தாளை இராசேஸ்வரி தன் பெர்மெஸ்ஸோவுடன், அதாவது வதிவிட அனுமதியுடன், ஒரே உறையில் வைத்துக் காத்துவந்தாள். நான்காம் மாடி வீடொன்றில் படி கழுவும்போது சறுக்கி, வேலையை முடிக்காமலே மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்ததற்குக் கிடைத்த சான்றிதழ் அது. அதன் புண்ணியத்தில்தான் சிசிலியின் போர்கோ வெக்கியோவில், தெருவோடு ஒட்டிய ஒரு கீழ்வீட்டில் அவளுக்கு வேலை கிடைத்தது. வீட்டுக்காரர் கஸ்பரே லா மாந்தியா. ஓய்வுபெற்ற மெக்கானிக், மனைவியை இழந்தவர், வாய் அவ்வளவு நல்லதல்ல. படி இல்லை என்பதுதான் அந்த வீட்டின் பெரிய குணம்.

படி இல்லையே தவிர, மோட்டார் சைக்கிள்கள் இருந்தன. ஓடுகிறவை அல்ல, சட்டம் போட்ட படங்களாக, சுவர் நிறைய. கஸ்பரே இளமையில் வடக்கே வேனெத்தோவுக்குப் போய் ஸ்பீட்வே பந்தயம் ஓடியவர். நீள்வட்டமான கரிச்சாம்பல் பாதை, நான்கு பேர், நான்கு சுற்று, எப்போதும் இடப்பக்கத் திருப்பம் மட்டும். வண்டிக்குப் பிறேக் கிடையாது. இடப்பக்கம் திரும்புவதற்குக் கைபிடியை வலப்பக்கம் முறிக்க வேண்டும். பயம் வந்தால் வேகத்தைக் கூட்ட வேண்டும். இந்த விதிகளை முதன்முதலாகக் கேட்டபோது, தன் இத்தாலியன் போதாது என்றுதான் இராசேஸ்வரி நினைத்தாள். பிறகு இத்தாலியன் போதுமான அளவு வந்தது. விதிகள் அப்படியேதான் இருந்தன.

ஞாயிறு தோறும் கஸ்பரே ஒரு கரண்டியில் இரண்டு துளி ஆமணக்கெண்ணெய் விட்டு அடுப்பில் காட்டுவார். அந்தக் காலத்துப் பந்தய எஞ்சின்கள் ஆமணக்கெண்ணெயில் ஓடியவை. அந்த மணத்தில் அவருக்கு ஆட்கள் எழுந்து வருவார்கள். இரவெல்லாம் ரொட்டி சுட்டுவிட்டு, காதுக்குள் மாவோடு வந்து ஓடிய புரூனோ. தொடக்க நாடா மேலே எழும்புவதற்குள் மூன்று தரம் சிலுவை போட்டு, அதனாலேயே எப்போதும் கடைசியாகப் புறப்பட்ட ஒரு விவசாயி. எல்லாருடைய வண்டியையும் திருத்திக் கொடுத்து, தான் ஒரேயொரு பந்தயத்தில் மட்டும் வென்ற மிம்மோ. அதுவும் மற்ற மூவரும் விழுந்துவிட்டதால். அவர்களில் மிம்மோ மட்டும் இன்னும் இதே ஊரில் இருந்தார். கஸ்பரே கண்ணை மூடிக்கொண்டு அவர்களோடு கதைத்துக்கொண்டிருப்பார். இராசேஸ்வரிக்கு ஆமணக்கெண்ணெய் என்றால் பேதி. அவள் யன்னலைத் திறப்பாள். அவர் மூடுவார். ஆறு வருடம் இப்படியே போனது.

1995 ஒக்ரோபரில் கஸ்பரேயின் இடது கால் விரல்கள் கறுத்தன. சீனி வியாதி. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமைக்குள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் ஆளே மிஞ்சமாட்டார் என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார்கள். கஸ்பரே கையெழுத்து வைக்க மறுத்துவிட்டார். அவருடைய மகள் தொனாத்தா பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். கடவுளிடமும் மோட்டார் சைக்கிளிடமும் ஒரே அளவு நம்பிக்கை இல்லாதவள். வியாழனும் வெள்ளியும் தகப்பனோடு வாதாடித் தோற்று, நடைவழியில் நின்று அழுதாள்.

இராசேஸ்வரி வாதாடவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏன் என்று கேட்டாள். அவர்கள் இருவருக்கும் இடையில் புழங்கியது சிசிலிய வாயும் யாழ்ப்பாண வாயும் கலந்த ஓர் இத்தாலியன். அது அவள் காதில் விழுந்தபடியே இங்கே வருகிறது.

“ஐம்பத்தேழாம் ஆண்டு,” என்றார் கஸ்பரே. “மூண்டாம் சுற்று, இரண்டாவது திருப்பம். புரூனோ விழ, அவனுக்கு மேலை நான், எனக்கு மேலை மற்றவன். என்ரை இடக்கால் சில்லுக்குள்ளை போட்டுது. காலை எடுக்கவேணும் எண்டு அப்பவும் சொன்னாங்கள். நான் எங்கடை ஊர்ப் புனிதை சாந்தா றொசாலியாவிட்டைச் சொன்னன். இந்தக் காலை விட்டுவை. நான் ஓடி முடிச்சபிறகு என்ரை இரும்புச் சப்பாத்தை உன்ரை மலைக்குக் கொண்டுவாறன். அடிவாரத்திலை இருந்து, அந்தக் காலிலையே போட்டு, நடந்து வாறன் எண்டு.”

“பிறகு?”

“கால் சுகமாச்சு. இன்னும் ஒன்பது வருசம் ஓடினன்.”

“பிறகு?”

“பிறகு கடை திறந்தன். பிறகு கலியாணம். பிறகு மழை.”

“இருபத்தொன்பது வருசமாய் மழையே, சின்யோர்?”

கஸ்பரே கூரையைப் பார்த்தார். “அவள் இந்தக் காலை எனக்கு இரவல் தந்தவள். இரவல் சாமானைத் திருப்பிக் குடுக்கேக்கை, சொன்ன சொல்லையும் சேத்துத்தான் குடுக்கவேணும். சப்பாத்துப் போகாமல் கால் போகாது.”

“நான் காரில் கொண்டுபோய் வைக்கிறேன் என்று எத்தனை தரம் சொல்லியாயிற்று,” என்று வாசலில் நின்ற தொனாத்தா வெடித்தாள்.

“காரிலை போறதெண்டால் தபாலிலையே அனுப்பலாம்.”

அந்த அறையில் இதைக் கேட்டு ஆச்சரியப்படாத ஒரே ஆள் இராசேஸ்வரி. தங்கைக்கு வந்த காய்ச்சலுக்காக நல்லூர்க் கோயில் வீதியில் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழித்தவள் அவள். நேர்த்தி வைத்தவருக்கு ஏலாவிட்டால் அந்த வீட்டு ஆள் ஒருவர் செய்து முடிக்கலாம் என்பது அவளுக்கு விடுமுறை நாள்கள் எவை என்பதைப் போலத் தெரிந்த விஷயம்.

“ஏலாட்டி வீட்டு ஆள் ஒருத்தர் செய்யலாம். நான் போறன்,” என்றாள்.

“நீ இந்து. அதோடை, ஏறக்கூடாதெண்டு உனக்குத் தாள் இருக்கு.”

“தாள் வேலைக்கு. இது வேலையில்லை.”

“வீட்டு ஆள்தான் செய்யலாம் எண்டு நீயே சொல்லுறாய். நீ எனக்கு என்ன முறை?”

“ஆறு வருசமாய் நீங்கள் என்ரை சமையலைத்தான் சாப்பிடுறியள். அப்ப நீங்கள் என்ரை வீட்டு ஆள். என்ரை வீட்டு ஆளின்ரை நேர்த்தியை நான் செய்யாமல் ஆர் செய்யிறது?”

“மிம்மோ சாட்சியாய்ப் போகட்டும்,” என்றார் கஸ்பரே கடைசியில். “நேரம் பிடிக்கட்டும்.”

“நேரம் என்னத்துக்கு?”

“நேரம் பிடிக்காட்டி அது ஓட்டமில்லை. இன்னொண்டு கேள். இரும்பிலை பாரத்தை வையாதை. அது சறுக்கிறதுக்கு எண்டு செய்தது. பாரம் முழுக்க வலக்காலிலை. காலைப் பாக்காதை, போற இடத்தைப் பார்.”

சனிக்கிழமை அவள் அந்தச் சப்பாத்தைக் கஸ்பரே வீட்டு அலுமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்துத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சப்பாத்து என்பது மரியாதைக்குச் சொல்வது. பூட்ஸுக்கு மேலே கட்டுகிற ஓர் இரும்புத் தகடு, முனை வளைந்து விரலை மூடும், இரண்டு தோல்வார். திருப்பத்தில் இடக்காலை நிலத்தில் ஊன்றிச் சறுக்குவதற்காக. முப்பது வருடம் காய்ந்து கிடந்த வார்களுக்கு ஆமணக்கெண்ணெய் பூசினாள். கணவனின் பழைய பூட்ஸில் ஒன்றை எடுத்து, இரண்டு கம்பளிக் காலுறை திணித்து, அதற்கு மேலே இரும்பைக் கட்டி நடந்து பார்த்தாள். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தின் குசினியில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்திருந்த கோபாலசிங்கம் கதவடியில் நின்று பார்த்தார்.

“உமக்கு விசரே? முழங்கால் ஏலாதெண்டு மூண்டு வருசமாய் என்னைத்தானே சந்தைக்கு அனுப்புறீர்.”

“சந்தைக்கு நீங்கள் போகலாம். இதுக்கு நீங்கள் போகேலாது.”

ஞாயிறு காலை ஏழு மணிக்கு, சாந்தா றொசாலியாவின் மலையான மொந்தே பெல்லெக்ரினோவின் அடிவாரத்தில் மிம்மோ கழுத்தில் நேரக்கடிகாரத்தைத் தொங்கவிட்டபடி நின்றார். எழுபது வயது. பந்தய நாள்களின் தோல் மேற்சட்டையை எப்படியோ பூட்டியிருந்தார். கூடவே இராசேஸ்வரியின் சிநேகிதி, மன்னார்க் கத்தோலிக்கப் பெண் றோசமலர். அவள் மாதம் ஒருமுறை வெறுங்காலோடு இந்த மலை ஏறுகிறவள். புதுக் கைப்பையோடு வந்திருந்தாள்.

“இராசக்கா, வேறை ஆளின்ரை நேர்த்தியை நாங்கள் செய்யலாமோ எண்டு பாதரைக் கேட்டனீங்களே?”

“கேட்டால் ஓம் எண்டும் சொல்லுவார், இல்லையெண்டும் சொல்லுவார். இல்லையெண்டால் என்ன செய்யிறது? அதுதான் கேக்கேல்லை.”

மிம்மோ கையை உயர்த்தி, தொடக்க நாடா மேலே போவதைப் போலக் காட்டி, கடிகாரத்தை அழுத்தினார்.

கல் பதித்த பழைய வழி, வளைந்து வளைந்து ஏறும். இடப்பக்க வளைவுகளில் கஸ்பரே சொன்னது சரியாகவே இருந்தது. இரும்பு உட்பக்கம் இழுபட, வலக்கால் அவளைத் தூக்கிச் சென்றது. வலப்பக்க வளைவு வந்ததும் இரும்பு வெளிப்பக்கத்தில் கல்லோடு வழுக்கி அவளைக் கீழே இழுத்தது. ஸ்பீட்வே ஓட்டுநர்களின் ஒரேயொரு குறை அவளுக்கு அங்கேதான் விளங்கியது. வலப்பக்கத் திருப்பம் அவர்களுக்கு இருக்கவேயில்லை. மலைக்கு இருந்தது. அதிலெல்லாம் அவள் மதிலைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஏறினாள். இரும்பு கல்லில் உரசும் சத்தத்துக்கு, முன்னால் செபமாலை சொல்லிக்கொண்டு போனவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

மிம்மோ ஐம்பத்தேழாம் ஆண்டுப் பந்தயத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். முதலாம் சுற்றில் புரூனோ முன்னுக்கு. இரண்டாம் சுற்றில் கஸ்பரே. சொல்ல மூச்சு வேண்டும், ஏற மூச்சு வேண்டும். பாதி மலையில் அவர் ஏறுவதை நிறுத்திச் சொல்வதை மட்டும் தொடர்ந்தார். அவர் மூன்றாம் சுற்றின் இரண்டாவது திருப்பத்துக்கு வந்தபோது, இராசேஸ்வரியின் முன்வார் அறுந்தது. சப்பாத்து கழன்று இரண்டு வளைவு கீழே போய் நின்றது. றோசமலர் ஓடிப் போய் எடுத்து வந்தாள். இராசேஸ்வரி கல்லில் குந்தியிருந்தாள். வலது முழங்கால் வீங்கியிருந்தது.

“கையிலை கொண்டு வா,” என்றார் மிம்மோ. “ஆர் பாக்கிறது? சாட்சி நான்தானே. போட்டு நடந்ததெண்டே சொல்லுறன்.”

“மற்ற மூண்டு பேரும் விழுந்த பிறகு நீங்கள் நிப்பாட்டினனீங்களே?”

“இல்லை. இன்னும் ஒரு சுற்று இருந்தது.”

“தனிய ஓடினனீங்களோ?”

“தனியத்தான். ஓடி முடிச்சால்தானே வெற்றி.”

“அப்ப பேசாமல் மணிக்கூட்டைப் பாருங்கோ.” பிறகு றோசமலரிடம் திரும்பினாள். “மலர், உன்ரை பையின்ரை வாரைத் தா.”

“ஐயோ அக்கா, போன கிழமைதான் வாங்கினது!”

“நல்லது. பழசெண்டால் திரும்ப அறும்.”

றோசமலர் முணுமுணுத்துக்கொண்டே வாரைக் கழற்றினாள். பிறகு தானே குந்தியிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிக் கட்டினாள். மிம்மோ வீதிக்கு இறங்கி பஸ்ஸைப் பிடித்தார். கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பதாகவும் எல்லைக் கோட்டில் காத்திருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

குகைக்குள் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சுவரில் வெள்ளிக் கால்கள், வெள்ளிக் கண்கள், ஊன்றுகோல்கள். காவல் நின்ற கிழவர், அவள் கழற்றி நீட்டியதை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“இது என்ன?”

“சப்பாத்து.”

“மற்றது எங்கை?”

“மற்றது இல்லை. இடக்காலுக்கு மட்டும்தான்.”

கிழவர் அவளைப் பார்த்தார், அவள் முழங்காலைப் பார்த்தார், இரண்டு ஊன்றுகோல்களை நகர்த்தி இடம் செய்து கொடுத்தார்.

அன்று பகல், ஆஸ்பத்திரியில், மிம்மோ கடிகாரத்தைக் கஸ்பரேயின் கண்ணுக்கு நேரே பிடித்தார். இரண்டு மணித்தியாலம், நாற்பத்தொரு நிமிடம்.

“போட்டு நடந்தவளோ?”

“முழுக்க.”

“நீ பாத்தனியோ?”

மிம்மோ கடிகாரத்தைக் கீழே இறக்கினார். “பாதி பாத்தன். மிச்சப் பாதிக்கு அந்த முழங்காலைப் பார்.”

கஸ்பரே பார்த்தார். “மெதுவு,” என்றார். “சரியான மெதுவு.” பேனை கேட்டார்.

மருந்து கட்ட வந்த தாதிக்கு இராசேஸ்வரியின் கைகளிலிருந்த ஆமணக்கெண்ணெய் மணம் பிடிக்கவில்லை. போய் யன்னலைத் திறந்தாள். இராசேஸ்வரி நொண்டிக்கொண்டு எழுந்து போய் அதை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். கஸ்பரே ஒருமுறை ஆழ மூச்சிழுத்தார். பிறகு கையெழுத்து வைத்தார். செவ்வாய்க்கிழமை அந்தக் காலை எடுத்தார்கள். ஆள் மிஞ்சினார்.

1995 ஒக்ரோபர் 22, ஞாயிற்றுக்கிழமை, இராசேஸ்வரி கோபாலசிங்கம் தன்னுடையதல்லாத ஓர் இரும்புச் சப்பாத்தை இடது காலில் கட்டிக்கொண்டு, அடிவாரத்திலிருந்து சாந்தா றொசாலியாவின் குகை வரை நடந்து ஏறி, அதை அங்கே வைத்தாள்.