அழித்துச் சம்பளம் வாங்கியவன்

"சேக்கும்போது ஒருத்தரும் என்னைக் கேக்கல. எடுக்கும்போது மட்டும் எல்லாரும் வந்து நிக்கிறீங்க." கூட்ட அறையில் அவன் இப்படி வெடுக்கென்று சொன்னான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற ஆள் அவன். ஐம்பது வயது. லிஃப்ட் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவன். அலுவலகத்தில் அவனுக்குச் சல்லடை என்று பெயர்.

அங்கே லிஃப்டை ஓட்டும் புரோகிராம் சி என்ற கம்ப்யூட்டர் மொழியில், ஆயிரத்துச் சொச்சம் ஃபைல்களாகக் கிடந்தது. ஒவ்வொரு ஃபைலின் தலைமாட்டிலும் 'முதலில் இன்னின்ன ஃபைலைப் படி' என்று வரிகள் இருக்கும். இன்க்ளூட் என்பார்கள். ஒன்றைக் கூப்பிட்டால் அது தன் மச்சானைக் கூட்டிவரும். மச்சான் அவன் மச்சானைக் கூட்டிவருவான். இருபது வருஷமாக வந்தவன் போனவனெல்லாம் சேர்த்தானே தவிர, எடுத்தவன் எவனுமில்லை. ஓரெழுத்தைத் திருத்தினாலும், எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் அத்தனையையும் படித்து முடிக்க ஐம்பது நிமிஷம். வேண்டாத வரிகளைக் களைவதுதான் அவன் வேலை.

ஏழு மாதம் அதைத்தான் செய்தான். பல் டாக்டரிடம் டோக்கன் சீட்டு எழுதும் அவன் மனைவி ஒருநாள் என்னதான் எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றும் எழுதவில்லை, அழிக்கிறேன் என்றான்.

"அழிக்கிறதுக்குச் சம்பளமா? அப்ப நம்ம அலமாரியக் காலி பண்ணுங்க, நானும் தர்றேன்."

அவனுக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

கூட்டம் எதற்கு என்றால், சோதனை லிஃப்டின் கதவு எட்டு விநாடி காத்திருக்க வேண்டியது, இரண்டிலேயே மூடிக்கொண்டு கூட்டிப் பெருக்குகிற அம்மாவின் முழங்கையைச் சிராய்த்துவிட்டது. அந்த எட்டு எழுதியிருந்த ஃபைலைக் கூப்பிடும் வரியை அவன் எடுத்திருந்தான். எண் கிடைக்காவிட்டால் இரண்டு வைத்துக்கொள் என்று எவனோ எழுதிவைத்திருந்ததால் கம்பைலர் முணுமுணுக்கவே இல்லை. அது பேசாமலிருந்ததைச் சம்மதம் என்று இவன் எடுத்துக்கொண்டான்.

ஏழு மாத வேலையையும் திருப்பிப் பழையபடி வைக்கச் சொன்னாள் மேனேஜர். அவனைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள், கெட்டவளும் இல்லை. கதவு அடித்தால் கேள்வி அவளிடம்தான் வரும். மற்றவர்கள் ஆளுக்கொரு குறை சொன்னார்கள். அப்போதுதான் அவன் வெடித்தது.

வெடித்த சூடு ஆறியதும் அவனாகவே சொன்னான்.

"மொதல் நாலு மாசம் வரியை எடுக்குறதுக்கு முன்னாடி ஒருவாட்டி, பின்னாடி ஒருவாட்டி கம்பைலர்ல ஓட்டி ஒப்பிட்டுப் பாத்தேன் மேடம். அப்புறம் பாக்கல. பாக்காம விட்டது முந்நூத்திப் பன்னெண்டு ஃபைல். அலுத்துப்போச்சு."

"அலுத்துப்போச்சுன்னு ரிப்போர்ட்ல எழுத முடியாது சார்."

"அதான் காரணம். வேற எழுதினா பொய்."

அவள் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு விட்டதையெல்லாம் ஒப்பிட்டு முடிக்க மூன்று நாள் கொடுத்தாள். ஒரு ஃபைல் பாக்கி நின்றாலும் மொத்தமும் பழையபடிதான் என்றாள்.

வரி இருந்தபோது ஒன்று, எடுத்த பிறகு ஒன்று என்று ஒவ்வொரு ஃபைலையும் கம்பைலரில் ஓட்டினான். இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக வரவேண்டும். வந்துகொண்டே இருந்தது. இரண்டாம் நாள் கழுத்து இடப்பக்கம் திரும்ப மறுத்தது. உடம்போடு சேர்த்துத் திரும்பி வேலை பார்த்தான். மூன்றாம் நாள் நாலு மணிக்கு முந்நூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. கதவையும் சேர்த்து மூன்றே இடத்தில் பிசகு. மூன்று வரிகளைத் திரும்ப வைத்தான்.

அவனுடைய ஏழு மாத வேலை தப்பியது. ஐம்பது நிமிஷம் பதினொன்றாகிவிட்டதை மேனேஜர் தானே கடிகாரம் பார்த்துச் சொன்னாள். பாராட்டு அவ்வளவுதான். இனி டீ குடிக்கப் போகச் சாக்கு இல்லையே என்று பக்கத்து மேஜைக்காரன் முனகினான். மீதி அறுநூறு ஃபைலைத் திங்கட்கிழமை ஆரம்பிக்கலாம், ஒப்பிடாமல் ஒன்றும் வரக்கூடாது என்றாள் அவள். சரி என்றான். வேறென்ன சொல்வான்.

பஸ்ஸுக்குப் போகிற வழியில் மருத்துவச் சாமான் கடையில் நுழைந்து, கழுத்துக்கு வைக்கும் தலையணை ஒன்று வாங்கினான். பேரம் பேசக்கூடக் கழுத்து இடம் கொடுக்கவில்லை. விலை அவனுடைய ஒன்றரை நாள் சம்பளம்.