தேக்கிலைச் சரிவு

போன வாரம் ஒரு சாயங்காலம் கரண்டு போய்விட்டது. ரங்கூன் நகரத்து லத்தாவில் எங்கள் நாலாவது மாடி வீட்டில் அது செய்தியே இல்லை. அண்ணன் மகள், போனில் மிச்சமிருந்த சார்ஜை ஒரு வீடியோவுக்குச் செலவழித்துக்கொண்டிருந்தாள். ஏதோ குளிர்தேசத்துக் காடு. காலில் நீளப் பலகை கட்டிய ஒருத்தி மரங்களுக்கு நடுவே பனியில் வழுக்கிக்கொண்டு போகிறாள். சர்ர்ரென்று அந்தச் சத்தம் மட்டும் இருட்டில் பெரிதாகக் கேட்டது.

"நானும் இப்படிச் சறுக்கியிருக்கேன்டி."

"பனியிலயா அத்தே? பொய்!"

"காஞ்ச எலையில."

அவள் சிரித்தாள். எங்கள் வீட்டில் பல்லிக்குப் பயந்து குளியலறைக் கதவைத் திறந்தே வைப்பவள் நான்தான். அவள் சிரிக்காமல் என்ன செய்வாள்? மீதியை அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. புறநகரான ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் ஆலையில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இடப்பக்கத்து மிஷினில் பிலோமினா, வலப்பக்கத்தில் மா நீன். பிலோமி எங்களைப் போலத் தமிழ்ப்பெண், மாதா கோயில் குடும்பம். மா நீன் பர்மியப் பெண், டெல்டா பக்கத்திலிருந்து வந்து ஆலை விடுதியில் தங்கியிருந்தாள். வாரம் முழுக்கத் துணித்தூசியை மூச்சில் வாங்கிய எங்களுக்கு, குளிர்மாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வடக்கே ஏரியை ஒட்டிய தேக்கங்காடுதான் போக்கிடம். ரங்கூன் குளிர் ஒன்றும் பெரிய குளிரில்லை. ஒரு ஸ்வெட்டருக்குக்கூட முழுதாக வேலை கொடுக்காது. ஆனாலும் காலையில் மூடுபனி இறங்கும். மார்கழி முடிந்தால் தேக்கிலை உதிரும். முறம் அகலத்து இலைகள், மிதித்தால் அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம்.

காட்டோரத்துப் பாக்குத் தோட்டத்தில் விழுந்து கிடக்கும் மட்டைகளைப் பொறுக்கிக்கொள்வோம். மட்டையில் உட்கார்ந்து, முன்னால் ஓலைக்காம்பைப் பிடித்துக்கொண்டு, ஏரிப்பக்கச் சரிவில் விட்டால் இலைமேல் பறக்கும். கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் செய்கிற வேலையா என்று கேட்காதீர்கள். அந்த வேலை செய்தபோதுதான் எங்களுக்குக் கொஞ்சமாவது வயது குறைந்தது.

அன்றைக்கு மூடுபனி கலையவேயில்லை. பத்தடிக்கு அப்பால் மரம் இருக்கிறதா ஆள் இருக்கிறாளா என்று தெரியவில்லை. பிலோமி பூசைக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவள்தான் முதலில் சறுக்கினாள். சர்ர்ரென்று போன சத்தம் சட்டென்று நின்றது. அப்புறம் ஒரு கூச்சல்.

ஓடி இறங்கினோம். இலைக்குவியலில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னாலிருந்து, பிரஷர் குக்கர் ஆவி விடுவதுபோல் ஒரு சீறல். எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை.

"ம்வே! ம்வே!" என்று மா நீன் அலறினாள். பர்மிய பாஷையில் பாம்பு.

நான் ஓடினேன்.

இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. தோழியை நோக்கி ஓடவில்லை. மேட்டைப் பார்த்து, வந்த வழியே ஓடினேன். சுற்றிலும் வெள்ளையாக ஒன்றும் தெரியாமல் போனபோதுதான் நின்றேன். தனியாக இருக்கிறோம் என்ற பயம் பாம்புப் பயத்தை விடப் பெரிதாக இருந்தது. அதனால்தான் திரும்பினேன். வேறு நல்ல காரணம் எதுவும் இல்லை.

அதற்குள் மா நீன் ஒரு கழியால் இலையை அடித்துப் பாம்பை விரட்டியிருந்தாள். பிலோமியின் கணுக்காலில் இரண்டு புள்ளி. சுற்றிலும் வீங்கத் தொடங்கியிருந்தது. "நடக்கக் கூடாது, காலை அசைக்கவே கூடாது" என்றாள் மா நீன். நெல்வயல் ஊர்க்காரி, அவளுக்குத் தெரியும். பிலோமியை அவளுடைய மட்டையிலேயே உட்காரவைத்து, மா நீனின் சால்வையைக் காம்பில் கட்டி இருவரும் இழுத்தோம்.

வழி தெரியவில்லை. அடித்தண்டில் வெட்டுக்காயம் இருந்த ஒரு மரத்தை இரண்டாம் தடவை பார்த்தபோது, சுற்றிச் சுற்றி வருகிறோம் என்று புரிந்தது.

"வாயெல்லாம் உப்புக் கரிக்குது," என்றாள் பிலோமி. துப்பினாள். சிவப்பாக இருந்தது. "அம்மாகிட்ட சொல்லிறாத."

மா நீன் கையைக் காட்டி எங்களை அடக்கினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வெகுதூரத்தில் ரயில் ஊதியது. சத்தம் வந்த திசையை விடாமல் இழுத்துக்கொண்டே போனோம். தண்டவாளத்தையொட்டி விறகு ஏற்றிக்கொண்டிருந்த மூன்று சக்கர வண்டிக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் விறகைக் கீழே தள்ளிவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் பிலோமியின் இரத்தத்தை ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்து மேஜைமேல் நிறுத்திவைத்தார்கள். இருபது நிமிஷம் அதைத் தொடக் கூடாதாம். உறைந்தால் விஷம் ஏறவில்லை, உறையாவிட்டால் ஏறிவிட்டது. அந்த இருபது நிமிஷத்தில்தான் பிலோமியின் அம்மா வந்தார்கள். ஆஸ்பத்திரி போனிலிருந்து மா நீன் சொல்லியிருந்தாள். கோயில் சேலையோடு, கையில் ஜெபமாலையோடு வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

"பூசைக்கின்னு சொல்லிட்டு எங்கடி போனீங்க?"

அதற்குள் சயாமா, அதாவது நர்சம்மா, குழாயைச் சாய்த்தார். இரத்தம் தண்ணீர் மாதிரி வழிந்தோடியது.

மருந்து ஏற்றினார்கள். ஆறு மணிநேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த ஆறு மணிநேரத்தில் நான் வேண்டாத சாமியில்லை. எங்கள் காளியம்மனுக்கு நேர்ந்த கையோடு மாதாவுக்கும் மெழுகுவர்த்தி நேர்ந்தேன். மா நீன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பிலோமியின் அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் குழாய் மேஜைக்கு வந்தபோது பக்கத்தில் இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். யார் கை என்று பார்த்துப் பிடித்ததாகத் தெரியவில்லை. நகம் பதிந்தது.

சயாமா சாய்த்தார். இரத்தம் அசையவில்லை. இன்னும் சாய்த்தார். ஜெல்லி போல ஒட்டிக்கொண்டு நின்றது.

பிலோமி ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தாள். நாலாம் நாள் கஞ்சி கொண்டுபோனேன். ஓடினேனே என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியும். ஒத்தச் செருப்போட ஓடுன. அந்த வலியிலயும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு," என்றாள்.

அவள் சிரித்தாள். நான்தான் அழுதேன்.

அதற்குப் பிறகு நாங்கள் அங்கே போகவில்லை. ஆலை இரண்டு வருஷத்தில் கைமாறி, அப்புறம் மூடிவிட்டது. பிலோமி கல்யாணமாகி மலேசியா போய்விட்டாள். மா நீன் தாய்லாந்துப் பக்கம் வேலைக்குப் போனாள். கொஞ்சநாள் பேசினாள், பிறகு அந்த நம்பர் கிடைக்கவில்லை. பிலோமியிடம் கேட்டால் அவளும் என்னைத்தான் கேட்கிறாள்.

போன குளிருக்கு ஒரு வேலையாக அந்தப் பக்கம் பஸ்ஸில் போனேன். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு இறங்கினேன். கம்பி வேலிக்குள் செம்மண்ணை வெட்டிச் சமன்படுத்தி, சரக்குப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஏரி வரை தட்டையாகத் தெரிந்தது. வாசலில் நின்ற காவற்காரப் பையனிடம், இங்கே ஒரு சரிவு இருந்ததே என்று கேட்டேன்.

"எந்தச் சரிவு, ஆன்ட்டி?" என்றான் பர்மிய பாஷையில், மரியாதையாகவே.

கையை நீட்டிக் காட்டப் போனேன். எந்தப் பக்கம் காட்டுவது என்று எனக்கும் தெரியவில்லை.